சதுக்கம் இருக்கிறது, ஆட்கள் எங்கே?

நகர மையத்தைச் சீரமைக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தால் கூடவே ஒரு படமும் வரும். பளபளக்கும் கல்தளம், நடுவில் நீரூற்று, வரிசையாக விளக்குக் கம்பங்கள், பலூன் பிடித்த ஒரு குழந்தை, சிரித்தபடி நடக்கும் இளைஞர்கள். கட்டி முடித்து இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் கல்தளம் இருக்கும், விளக்கும் இருக்கும். படத்தில் இருந்த ஆட்களைத்தான் காணோம்.

உடனே ஆளுக்கொரு காரணம் சொல்வோம். மக்களுக்கு ரசனை இல்லை, எல்லோரும் ஃபோனில் மூழ்கிவிட்டார்கள், பார்க்கிங் போதவில்லை என்று பேச்சு நீளும். எனக்கு இந்தக் காரணங்களில் நம்பிக்கை இல்லை. ஓர் இடம் ஏன் நிறைகிறது, இன்னொன்று ஏன் வெறிச்சோடுகிறது என்று ஐம்பது அறுபது வருடங்களாகச் சிலர் தெருவில் நின்று, ஆட்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது மிக எளிமையானது. ஆனாலும் இந்த விஷயம் பேசப்படும் இடங்களில் அது அரிதாகவே காதில் விழுகிறது. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல் யார் வேண்டுமானாலும் வந்து இருக்கக்கூடிய திறந்த இடம் பொதுவெளி. தெரு, நடைபாதை, சதுக்கம், பூங்கா எல்லாம் இதில் அடங்கும். கடைகளும் அலுவலகங்களும் பேருந்து, ரயில் வழிகளும் வந்து சேரும் ஊரின் நடுப்பகுதி நகர மையம்.

## ஒரு கூடமும் பத்துப் பேரும்

உங்கள் வீட்டுக்குப் பத்து விருந்தினர் வருகிறார்கள். சின்ன அறையில் உட்கார்ந்தால் பேச்சும் சிரிப்புமாக அறை நிறைந்துவிடும். அதே பத்துப் பேரை ஐந்நூறு பேர் உட்காரக்கூடிய மண்டபத்தில் கொண்டுபோய் விட்டால், நிகழ்ச்சி ரத்தாகிவிட்டதோ என்று தோன்றும். ஆட்கள் மாறவில்லை, இடத்தின் அளவுதான் மாறியது.

அதே சின்ன அறையில் உட்கார நாற்காலி இல்லை என்று வையுங்கள். வந்தவர்கள் இரண்டு நிமிடம் நின்று, நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாள் முழுக்க ஐம்பது பேர் வந்து போனாலும், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் ஒருவரோ இருவரோதான் கண்ணில் படுவார்கள்.

ஆக, ஓர் இடம் கலகலப்பாக இருக்கிறதா என்பது மூன்றைப் பொறுத்தது: எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், இடம் எவ்வளவு பெரியது. சீரமைப்புத் திட்டங்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே யோசிக்கின்றன. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

## கூட்டத்தின் கணக்கு

ஒருவர் ஓர் இடத்துக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை ஆகும் நேரத்தைத் தங்கும் நேரம் என்போம். ஒரு நொடியில் அந்த இடத்தில் காணப்படும் ஆட்களின் எண்ணிக்கை, வருகையையும் சராசரித் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும்.

ஒரு சதுக்கத்தின் வழியாக மணிக்கு 600 பேர் போகிறார்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எல்லோரும் குறுக்கே நடந்து கடந்துவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. மொத்தம் 600 ஆள்-நிமிடங்கள். அதை மணியின் 60 நிமிடங்களுக்குப் பங்கிட்டால், எப்போது பார்த்தாலும் சராசரியாக 10 பேர்தான் தெரிவார்கள். மணிக்கு 600 பேர் வரும் இடம் என்று புள்ளிவிவரம் சொல்லும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது காலி இடம்.

இப்போது விளம்பரம் செய்து, விழா நடத்தி, வருகையை இரு மடங்காக்குகிறோம். மணிக்கு 1,200 பேர். அப்போதும் தெரிவது 20 பேர்தான்.

சரி, அதே பழைய 600 பேருக்கே வருவோம். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு 20 நிமிடம் உட்காரத் தோன்றும்படி இடத்தை மாற்றிவிட்டோம். 120 பேர் 20 நிமிடம் உட்கார்ந்தால் 2,400 ஆள்-நிமிடங்கள். மீதி 480 பேர் முன்போலவே கடந்து போகிறார்கள், அது 480. கூட்டினால் 2,880. அறுபதால் வகுத்தால் 48 பேர். புதிதாக ஒருவர்கூட வரவில்லை, கூட்டம் மட்டும் கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிட்டது!

இந்தக் கணக்கை நான் முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு சதுக்கத்துக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியையே இது மாற்றிவிடுகிறது. ஆட்களை எங்கிருந்தோ இழுத்து வருவதற்கு முன்னால், ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்கள் ஏன் நிற்காமல் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கூட்டம் என்பது வருகையும் தங்கும் நேரமும் சேர்ந்த பெருக்கல். இரண்டில் எளிதாக உயர்த்தக்கூடியது தங்கும் நேரம்.

## ஏன் தங்குகிறார்கள்?

டென்மார்க்கின் கட்டிடக் கலைஞர் யான் கேல், மனிதர்கள் வெளியில் செய்வதை மூன்றாகப் பிரித்தார். வேலைக்குப் போவது, பேருந்துக்குக் காத்திருப்பது போன்றவை கட்டாயச் செயல்கள்; இடம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் இவை நடக்கும். உலாவுவது, வேடிக்கை பார்ப்பது, உட்கார்ந்து படிப்பது எல்லாம் விருப்பச் செயல்கள். இடம் இதமாக இருந்தால் மட்டுமே நடக்கும். பேச்சு, விளையாட்டு, தெரிந்தவரைப் பார்த்துக் கையசைப்பது சமூகச் செயல்கள். முதல் இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போது இவை தாமாக முளைக்கும். மக்கள் அவசரமாகக் கடந்துபோகும் சதுக்கத்தில் நடப்பது கட்டாயச் செயல் மட்டும்தான். நாம் கலகலப்பு என்று சொல்வது மற்ற இரண்டையும்.

விருப்பச் செயலைத் தூண்டுவது எது? நியூயார்க்கில் இந்தக் கேள்வி பெரிய பணப் பிரச்சினையாகவே எழுந்தது. 1961இல் அந்நகரம் ஒரு விதி கொண்டுவந்தது. கட்டிடத்தின் முன்னால் ஒரு சதுர அடி சதுக்கம் விட்டால், கட்டிடத்தில் 10 சதுர அடி வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டுநர்களுக்கு நல்ல லாபம். சதுக்கங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் பல வெறிச்சோடிக் கிடந்தன, சிலவற்றில் மட்டும் மதிய வேளையில் உட்கார இடம் கிடைக்காது.

வில்லியம் எச். ஒயிட் என்பவர் 1970களில் ஒரு சிறு குழுவோடு இதை ஆராய்ந்தார். கூரைகளில் கேமராவை வைத்து, சில நொடிக்கு ஒரு படமாக நாள் முழுக்க எடுத்தார். யார் எங்கே உட்கார்ந்தார்கள், எவ்வளவு நேரம், எழுந்து எங்கே போனார்கள் என்று வரைபடத்தில் குறித்தார். வெயில்தான் காரணமோ என்று முதலில் பார்த்தார். பிறகு சதுக்கத்தின் வடிவம், அழகு, பரப்பளவு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது, உட்கார எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள்! இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு இதுதானா என்று தோன்றும். ஆனால் பெருஞ்செலவில் கட்டிய சதுக்கங்களில் இதைத்தான் விட்டிருந்தார்கள். சில கட்டிடங்களில் திண்டுமேல் கம்பி முள் பதித்து, உட்காரவே முடியாதபடி செய்திருந்தார்கள். 1975இல் விதி திருத்தப்பட்டது. 30 சதுர அடி சதுக்கத்துக்கு ஓர் அடி நீள இருக்கை என்ற கணக்கு உள்ளே வந்தது.

இருக்கை என்றால் பெஞ்சு மட்டும் இல்லை. படிக்கட்டு, அகலமான கைப்பிடிச் சுவர், மரத்தைச் சுற்றிய திண்டு எல்லாமே இருக்கைதான், உயரம் சரியாக இருந்தால். ஒயிட்டுக்கு மிகவும் பிடித்தது நகர்த்தக்கூடிய தனி நாற்காலி. உட்கார வருகிறவர் நாற்காலியைச் சில அங்குலம் நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார் என்பதை அவருடைய கேமரா திரும்பத் திரும்பக் காட்டியது. சில சமயம் நகர்த்திய நாற்காலி பழைய இடத்துக்கே வந்திருக்கும். அந்தச் சின்ன அசைவில் இந்த இடம் என்னுடையது என்ற உணர்வு வருகிறது. நிழல் வேண்டுமானால் நிழலுக்கு, வெயில் வேண்டுமானால் வெயிலுக்கு, நண்பர்கள் வந்தால் வட்டமாக, தனிமை வேண்டுமானால் ஒதுங்கி என்று தரையில் பதித்த பெஞ்சு செய்ய முடியாத அத்தனையையும் அது செய்கிறது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். நன்றாக இயங்கும் சதுக்கங்களில் பெண்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. எங்கே உட்காருவது என்பதில் பெண்கள் அதிகம் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் தவிர்க்கும் இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. ஒரு பொதுவெளியைச் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

## ஓரத்தின் வலு

உணவகத்தில் எந்த மேசைகள் முதலில் நிறைகின்றன என்று பாருங்கள். சுவரோரமும் ஜன்னலோரமும்தான். முதுகுக்குப் பின்னால் ஓர் ஆதரவு, கண்ணுக்கு முன்னால் முழு அறை. சதுக்கத்திலும் இப்படியே ஓரங்கள் முதலில் நிறைந்து, கூட்டம் அங்கிருந்து நடுவை நோக்கிப் பரவுகிறது. இதற்கு ஓர விளைவு என்று பெயர். ஓரம் செத்துக் கிடந்தால் நடுவில் எத்தனை நீரூற்று வைத்தாலும் பலனில்லை.

ஓரத்துக்கு உயிர் கொடுப்பது கட்டிடத்தின் தரைத்தளம். கதவு, ஜன்னல், காட்சிப் பெட்டி, வெளியே போட்ட இரண்டு மேசை என்று உள்ளே நடப்பது வெளியே தெரியும் முகப்பைச் செயலுள்ள முகப்பு என்கிறார்கள். நூறு மீட்டர் தெருவில் 15 முதல் 20 கதவுகள் இருந்தால் நல்லது என்பது கேல் சொல்லும் அளவு. நாம் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறோம். அப்படியானால் நாலைந்து நொடிக்கு ஒரு புதிய கதவு, ஒரு புதிய காட்சி. மாறாக, நூறு மீட்டருக்கு ஒரே கண்ணாடிச் சுவரோ பார்க்கிங் கட்டிடத்தின் காங்கிரீட்டோ இருந்தால் ஒரு நிமிடத்துக்கும் மேல் கண்ணுக்கு எதுவுமே இல்லை. அங்கே கால் தானாக வேகமெடுக்கும்.

ஜன்னல்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தெருவைப் பார்த்தபடி கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் இருக்கும்போது தெரு தானாகவே பாதுகாப்பாக இருக்கிறது என்று, நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதினார். தெருவின் கண்கள் என்ற சொற்றொடர் அப்படித்தான் பரவியது.

## பெரிதாக இருந்தால் நல்லதா?

இல்லை. சுமார் 100 மீட்டருக்கு அப்பால் இருப்பவர் நமக்கு ஒரு புள்ளிதான். சுமார் 25 மீட்டருக்குள் வந்தால்தான் முகபாவம் தெரிய ஆரம்பிக்கும். மனிதர்களை அதிகம் ஈர்ப்பது மற்ற மனிதர்கள்தான் என்பது ஒயிட், கேல் இருவரும் கண்ட முடிவு. முகமே தெரியாத தூரத்தில் அந்த ஈர்ப்பு வேலை செய்யாது.

பாஸ்டன் நகராட்சிக் கட்டிடத்தின் முன்னால் 1960களில் உருவான செங்கல் சதுக்கம் சுமார் 7 ஏக்கர். காற்றும் வெயிலும் நேராக அடிக்க, பல பத்தாண்டுகள் அது கடந்துபோகும் பாலைவனமாகவே இருந்தது. மரங்கள், விளையாட்டிடம், உட்காரும் மூலைகள் என்று துண்டு துண்டாகப் பிரித்துச் சீரமைத்து 2022இல் மீண்டும் திறந்தார்கள். எதிர்ப்பக்க உதாரணம் நியூயார்க்கின் பேலி பூங்கா. 1967இல் திறந்த அது வெறும் 4,200 சதுர அடி. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு சந்து மாதிரிதான். நகர்த்தக்கூடிய நாற்காலிகள், மெல்லிய நிழல் தரும் மரங்கள், சிறு தின்பண்டக் கடை, பின்சுவரில் 20 அடி உயர நீர்வீழ்ச்சி. அந்த நீரின் ஓசை வாகனச் சத்தத்தை மறைத்துவிடும். அவ்வளவுதான், எப்போதும் ஆள் இருக்கும்.

இவ்வளவும் சேர்த்துச் சொன்னால்: உட்கார இடம், உயிருள்ள ஓரம், முகம் தெரியும் அளவு. இவை மூன்றும் இருந்தால் வருகிறவர் தங்குகிறார். தங்குகிறவரைப் பார்த்து அடுத்தவர் நிற்கிறார்.

## வாகனத்தை நிறுத்தினால் போதுமா?

இந்த விஷயத்தில் அதிகமாகக் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். கோபன்ஹேகன் தன் முக்கியக் கடைத்தெருவான ஸ்ட்ரோயெட்டை 1962 நவம்பரில் சோதனையாக வாகனங்களுக்கு மூடியது. வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். இந்தக் குளிரில் யார் வெளியே உலாவப் போகிறார்கள் என்றும் பலர் கேட்டார்கள். ஆனால் மக்கள் வந்தார்கள். 1964இல் ஏற்பாடு நிரந்தரமானது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள அந்தத் தெரு இன்றுவரை நடப்பவர்களுக்கே.

அதே காலத்தில் அமெரிக்க நகரங்களும் இதைச் செய்தன. 1959இல் கலமசூவில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் தங்கள் மையத் தெருவை மூடி நடைத்தெருவாக்கின. பெரும்பாலானவை தோற்றன. சிகாகோ தன் ஸ்டேட் ஸ்ட்ரீட்டை 1979இல் பேருந்தும் நடப்பவர்களும் மட்டும் என்று மாற்றி, 1996இல் திரும்பக் கார்களுக்குத் திறந்துவிட்டது. ஃப்ரெஸ்னோவில் 1964இல் வந்த ஃபுல்டன் நடைத்தெரு 2017இல் மறுபடி வாகனச் சாலையானது.

ஒரே மருந்து, இரண்டு விளைவு. ஏன்? கோபன்ஹேகனில் மையத்தைச் சுற்றி நடந்தோ சைக்கிளிலோ வந்துவிடும் தூரத்தில் ஏராளமானவர்கள் குடியிருந்தார்கள். கார் இல்லாமலும் வருகை குறையவில்லை. தெரு இதமானதும் தங்கும் நேரம் கூடியது. அமெரிக்க ஊர்களில் குடும்பங்கள் ஏற்கெனவே புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தன, அங்கேயே புதிய வணிக வளாகங்களும் எழுந்தன. மையத்தில் மாலை ஆறு மணிக்குமேல் ஆட்கள் அதிகம் இல்லை. வருகை வற்றும்போது தங்கும் நேரத்தை எவ்வளவு நீட்டினாலும் பெருக்குத்தொகை சிறிதாகத்தான் இருக்கும். தாக்குப்பிடித்தவற்றைப் பார்த்தாலும் இது தெரியும்: போல்டரின் பேர்ல் ஸ்ட்ரீட் (1977), பர்லிங்டனின் சர்ச் ஸ்ட்ரீட் (1981) இரண்டுமே பல்கலைக்கழக ஊர்களின் நடுவில் இருப்பவை. எப்போதும் நடந்து வருகிற ஒரு கூட்டம் பக்கத்திலேயே உண்டு.

ஆகவே நகர மையத்தில் வீடுகள் இருக்கின்றனவா என்பது சதுக்கத்தின் வடிவமைப்பிலேயே ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன். வரைபடத்தில் அது தனித் துறை. நிஜத்தில் இரவு எட்டு மணிக்கு அந்தப் பெஞ்சில் யார் உட்காருவார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

## மறைந்து கிடந்த ஒரு பூங்கா

எல்லா விதியும் ஒரே இடத்தில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவைத்தான் காட்டுவேன். மன்ஹாட்டனின் நட்ட நடுவில், மத்திய நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பூங்காவைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் 1970களில் அங்கே போதைப்பொருள் விற்பவர்கள்தான் நிரந்தர வாசிகள். தெருமட்டத்தைவிட உயரமாக இருந்தது, சுற்றிலும் இரும்பு வேலியும் அடர்ந்த புதர்வேலியும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. ஏதாவது நடந்தால் சட்டென்று வெளியே வரவும் வழி குறைவு. சத்தமில்லாத சோலையாக இருக்கட்டும் என்று 1930களில் செய்த வடிவமைப்பே அது.

காவலைக் கூட்டுவதோடு இது தீராது என்று ஒயிட் சொன்னார். தவறானவர்களை விரட்டுவதைவிட மற்ற எல்லோரும் விரும்பி வரும்படி செய்வதுதான் வழி என்பது அவர் கருத்து. 1988இல் பூங்காவை மூடினார்கள். புதர்வேலியை எடுத்தார்கள், வாயில்களை அகலமாக்கிப் புதிய வழிகளைத் திறந்தார்கள், நடுவில் புல்வெளி, சிறு கடைகள், சுத்தமான கழிப்பறை, பெரிய எண்ணிக்கையில் நகர்த்தக்கூடிய நாற்காலிகள் என்று வைத்து 1992இல் திறந்தார்கள். இன்று மதிய நேரத்தில் அந்தப் புல்வெளியின் ஓரத்தில் ஒரு நாற்காலி பிடிப்பதே பெரிய காரியம்.

அப்புறம், பராமரிப்பு. அங்கே குப்பை எடுக்கவும் நாற்காலி அடுக்கவும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் நடத்தவும் ஒரு தனி அமைப்பு அன்றாடம் வேலை செய்கிறது. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கிவிட்டு, தினமும் கூட்டிப் பெருக்க ஆள் ஒதுக்காத திட்டங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். உடைந்த பெஞ்சு இரண்டு மாதம் அப்படியே கிடந்தால், இதை யாரும் கவனிப்பதில்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

## முதலில் நாற்காலி, பிறகு கல்

2009 மே மாதக் கடைசியில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை வாகனங்களுக்கு மூடினார்கள். புதிய கல்தளம் எதுவும் போடவில்லை. தடுப்புகளை வைத்து, மலிவான மடக்கு நாற்காலிகளைச் சாலையிலேயே பரப்பினார்கள். ஆட்கள் உடனே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாகன ஓட்டத்தையும் விபத்துகளையும் அளந்து பார்த்து, 2010இல் அதை நிரந்தரமாக்க முடிவு செய்தார்கள். முழுமையான கட்டுமானம் பிறகு பல வருடம் நடந்தது.

குறைந்த செலவில், எளிதில் எடுத்துவிடக்கூடிய பொருட்களை வைத்து முதலில் செய்து பார்க்கும் இந்த முறையைச் சோதனைச் சீரமைப்பு எனலாம். தப்பானால் நாற்காலியை மடக்கி எடுத்துவிடலாம். கிரானைட்டை அப்படி எடுக்க முடியாது.

இதைத் தொடங்கப் பெரிய நிபுணர் குழு வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வேலைநாள் ஒன்று, விடுமுறைநாள் ஒன்று, காலை, மதியம், மாலை, இரவு என்று போய் நின்று எண்ண வேண்டும். எத்தனை பேர் கடந்து போகிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே, எவ்வளவு நேரம். பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, முதியவர் எத்தனை. பிறகு இருபது நாற்காலிகளைப் போட்டுவிட்டு அதே நேரங்களில் இன்னொரு முறை எண்ண வேண்டும். சாயங்காலம் அவற்றை அடுக்கும்போது ஒவ்வொரு நாற்காலியும் எங்கே போய் நின்றிருக்கிறது என்று குறித்துக்கொண்டால், நிரந்தர இருக்கையை எங்கே வைப்பது என்பதை வந்து உட்கார்ந்தவர்களே காட்டியிருப்பார்கள்.